எட்வினின் சட்டையை எந்தப் பக்கம் மடித்துக் கட்டுவது

எட்வின் ஜெயசீலன் காலமானார் என்ற செய்திக்கு முன்னால், நான் காலமானேன் என்ற செய்திதான் எங்கள் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தது. செவ்வாய்க்கிழமை காலை டீ குடித்துவிட்டு டைம் ஆபீஸ் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். குமாஸ்தா நரசிங் ராவ் அறிவிப்புப் பலகையில் சாக்பீஸால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். 'பிரிண்ட் ரூம் தணிகாசலம் இன்று காலை' என்பது வரைக்கும் வந்திருந்தது. எனக்கு வேறு செக்‌ஷனுக்கு மாற்றல் போலும் என்று நினைத்து, மிச்சத்தையும் எழுதட்டும் என்று பின்னால் நின்றேன். அவர் திரும்பிப் பார்த்து சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டார்.

"தணி காரு, மீரு காதா?" என்றார். இறந்தது நீங்கள் இல்லையா என்று தெலுங்கில் கேட்கிறார்.

அல்வாலிலிருந்து யாரோ போன் செய்து, உங்கள் ஜூடோக்காரர் இறந்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறார்கள். எட்வின் மூன்று வருடத்துக்கு முன்பே எங்கள் உப்பல் தொழிற்சாலையை விட்டு, நாச்சாரத்தில் ஒரு சின்னக் கம்பெனிக்குப் போய்விட்டார். இங்கே மிஞ்சிய ஜூடோக்காரன் நான் ஒருவன்தான். நான் இல்லை என்று சொல்லிச் சிரித்தேன். அப்படியானால் யார் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

எட்வினைப் பற்றி நம் தமிழ்ச் சங்கத்து இதழுக்கு நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். உங்களில் சிலருக்கு அவர் கிறிஸ்துமஸ் பாடல் குழுவில் கடைசி வரிசையில் நின்று கட்டைக் குரலில் பாடியவர். சிலருக்கு ஒரு கோடு பிசகாத டிராப்ட்ஸ்மேன். பல்கலைக்கழகத்தில் படித்த பிள்ளைகளுக்கு ஜூடோ கிளப்பை ஆரம்பித்து வைத்தவர். எனக்கு இருபது வருடச் சிநேகிதர். ஆனாலும் எழுத உட்கார்ந்தால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நான் செய்த ஒரு தப்பு அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று இத்தனை வருடம் குழம்பிக்கொண்டிருந்தேன். தெரியும் என்பது போன வாரம் தெரிந்தது. குழப்பம் அதோடு தீர்ந்திருக்க வேண்டும், இரண்டு மடங்காகிவிட்டது. அந்தத் தப்பைச் சொல்லாமல் அவரைப் பற்றி ஒரு வரிகூட உண்மையாக எழுத முடியாது என்பதால், அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசியில் எங்கள் தொழிற்சாலைக்கு ஜப்பானிலிருந்து ஒரு பெரிய இயந்திரம் வந்தது. அதைப் பொருத்த ஓர் எஞ்சினியரும் கூடவே வந்தார். எட்வினும் நானும் பகலில் வேலை பார்த்துக்கொண்டு, பல்கலைக்கழகத்தில் மாலை வகுப்பில் எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் காலை சைக்கிளில் போகும்போது, கெஸ்ட் ஹவுஸ் புல்தரையில் அந்த ஜப்பானியர் பனியனும் பேண்ட்டுமாகத் தனியாக விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தார். எட்வின் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார். எட்வினின் தாத்தா காலத்திலேயே குடும்பம் செகந்திராபாத்துக்கு வந்துவிட்டது. இருந்தாலும் வீட்டில் திருநெல்வேலிப் பேச்சுதான். "ஏல தணி, அங்க பாரு. அந்த மனுசன் தானா விழுதாரு. நம்மள யாராச்சும் தள்ளிவிட்டாத்தான நாம விழுவோம்" என்றார். மறுநாள் காலை எட்வினும் புல்தரையில் விழுந்துகொண்டிருந்தார்.

ஜப்பானியர் இருந்த ஆறு வாரமும் எட்வினுக்கு விழுவதை மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார். மற்றதைக் கற்றுக்கொள்ள ஒரு வருடம் விழ வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஊருக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு மனம் இளகி, தன் பெட்டியிலிருந்த ஒரு ஜூடோப் புத்தகத்தைப் பார்க்கக் கொடுத்தார். எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. எட்வின் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாளும் உட்கார்ந்து, படங்களை மட்டும் டிரேசிங் தாளில் மையால் நகலெடுத்தார். நாற்பது தாள். பிரதி எடுத்துத் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார். பிரிண்ட் ரூமில் அம்மோனியா பிரிண்ட் போடுவது என் வேலை.

இங்கேதான் நான் கெடுத்தேன். டிரேசிங் தாளில் இரண்டு பக்கமும் கோடு தெரியும். எங்கள் வரைபடங்களில் கீழே வலது மூலையில் ஒரு கட்டம் இருக்கும். வரைந்தவர், பிரதி எடுத்தவர், சரிபார்த்தவர் பெயரெல்லாம் அதில் வரும். அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் எந்தப் பக்கம் மேலே என்று தெரிந்துகொள்வோம். எட்வினின் படங்களில் கட்டமும் இல்லை, ஓர் எழுத்தும் இல்லை. மதிய சாப்பாட்டு நேரத்தில், சூப்பர்வைசர் வருவதற்குள் என்று அவசர அவசரமாக ஓட்டினேன். சுருளைப் பிரித்தபோது மொத்தக் கட்டும் கவிழ்ந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. நாற்பது படமும் இடம் வலமாக விழுந்தன. வலது கை பிடிக்க வேண்டிய இடத்தில் இடது கை பிடித்தது. சட்டையின் இடப்பக்கம் மேலே வர வேண்டிய இடத்தில் வலப்பக்கம் மேலே வந்தது. இதில் எதுவும் எனக்கு அன்றைக்குத் தெரியாது.

அந்தப் படங்களை வைத்துத்தான் பல்கலைக்கழக ஜூடோ கிளப் பிறந்தது. உடற்பயிற்சித் துறையில் கேட்டுக் கேட்டு, வாசகசாலைக்கு மேலே காலியாகக் கிடந்த ஒரு கூடத்தை வாங்கினோம். ஜப்பான் இயந்திரம் வந்த பெட்டிகளில் இருந்த ஃபெல்ட்டை அடியில் விரித்தோம். என் அப்பா லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். அவர் கேட்டு வாங்கிக் கொடுத்த கழித்த தார்ப்பாயை மேலே இழுத்துக் கட்டினோம். சட்டை தைக்க மோண்டா மார்க்கெட் தையல்காரரிடம் படத்தைக் காட்டினோம். அவர் படத்தை ஒரு முறை பார்த்தார், எங்களை ஒரு முறை பார்த்தார். "சாப், ஏ தோ ஜனானா ஹை" என்றார். வலப்பக்கம் மேலே வந்தால் அது பெண்கள் உடுப்பு என்கிறார். எட்வின் விழுந்து விழுந்து சிரித்தார். "ஜப்பான்ல அப்படித்தான் பாய், நீங்க தைங்க" என்று சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். ஏன் பார்த்தார் என்று அன்று நான் யோசிக்கவே இல்லை.

புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் ஜூடோ எப்படி வந்தது என்று சொல்லிவிட்டுத்தான் எட்வின் பாயில் இறக்குவார். "ஜப்பான்ல ஒரு வாத்தியாரு. ஆளு குட்டை, நோஞ்சான். பெரிய பயலுவ கிட்ட அடி வாங்கினவரு. பழைய மல்யுத்தத்தைப் படிச்சாரு. அதுல ஆளைக் கொல்லுதது, முடமாக்குதது எல்லாத்தையும் எடுத்து ஓரமா வச்சாரு. மிச்சத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுத்தாரு" என்பார். அந்த வாத்தியார் ஒரு கோயிலில் பன்னிரண்டு பாய் விரித்து ஆரம்பித்ததாகவும், பிள்ளைகள் விழுந்த வேகத்தில் கோயில் தரை ஆடியதாகவும் சொல்வார். அதற்கு மேல் கதை வருடத்துக்கு ஒன்றாக இருக்கும். ஒரு வருடம் பூசாரி அவர்களைத் துரத்தினார். அடுத்த வருடம் பூசாரியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாயில் இறங்கினார். ஜப்பான் பூசாரிக்கு ஏது வேட்டி என்று கேட்டேன். "அந்த எஞ்சினியர் சொன்ன இங்கிலீஷுல பாதி எனக்குப் புரியலல. புரியாத இடத்தை வருசா வருசம் ஒரு மாதிரி நிரப்புதேன்" என்றார். பிற்பாடு நூலகத்தில் தேடிப் பார்த்தேன். வாத்தியார், கோயில், பன்னிரண்டு பாய் மூன்றும் சரியாகவே இருந்தன. எங்கள் கூடத்துக்குக் கீழே இருந்த வாசகசாலைக்காரர் வாரம் ஒரு முறை மேலே வந்து கத்திவிட்டுப் போவார். அவர் தலை படியில் தெரிந்தால், "பூசாரி வாராரு, மெதுவா விழணும்ல" என்பார் எட்வின்.

முதல் இரண்டு மாதம் யாரையும் யாரும் எறியக் கூடாது, விழ மட்டும்தான் வேண்டும் என்பது அவர் வைத்த விதி. "விழப் பழகினவன்தான் எதிர்ல நிக்கவனை நம்புவான். நம்பிக்கை வந்தாச்சுன்னா மிச்சம் லேசு" என்று அடிக்கடி சொல்வார். நாங்கள் முதன்முதலாக வெளியூர்ப் பல்கலைக்கழகப் போட்டிக்குப் போனபோது, எதிர்த்து நின்றவர்களுக்கு எங்கள் பிள்ளைகளை எங்கே பிடிப்பது என்றே தெரியவில்லை. எட்டுப் பேரும் இடது கைக்காரர்கள். ஒரு நடுவர் மட்டும் சட்டையை மாற்றிக் கட்டச் சொன்னார், காரணம் சொல்லவில்லை. ஊருக்கு ஊர் வழக்கம் மாறும் என்று நினைத்து மாற்றிக் கட்டினோம், ஊர் திரும்பியதும் பழையபடி கட்டிக்கொண்டோம். இரண்டு பதக்கம் கிடைத்தது. எட்டு இடது கைக்காரர்களை எங்கே பிடித்தீர்கள், இது யார் யோசனை என்று அந்த நடுவர் கேட்டதற்கு, எட்வின் என்னைக் கைகாட்டினார். பெருந்தன்மை என்று நினைத்து நான் கூச்சப்பட்டு நின்றேன்.

ஆறு வருடம் கழித்து, இயந்திரத்தைப் பிரித்துப் பழுது பார்க்க அதே ஜப்பானியர் மறுபடி வந்தார். எட்வின் சின்னப் பிள்ளை மாதிரி ஓடிப்போய் அவரைச் சனிக்கிழமைப் பயிற்சிக்கு அழைத்து வந்தார். முப்பது பிள்ளைகள் வெள்ளைச் சட்டையில் வரிசையாக முட்டி போட்டு உட்கார்ந்து குனிந்து வணங்கினார்கள். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு மெதுவாகக் குனிந்து, வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்ததும், எங்கள் ஊரில் உயிரோடு இருப்பவர்கள் இடப்பக்கத்தை மேலே போட்டுக் கட்டுவார்கள், வலப்பக்கம் மேலே வருவது கடைசி நாளில் சவத்துக்கு மட்டும்தான் என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். படங்களைக் கேட்டு வாங்கினார். தன் புத்தகத்தைப் பிரித்துப் பக்கத்தில் வைத்தார்.

எனக்கு அந்த நொடியிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. அம்மோனியா நாற்றம்கூட மூக்கில் வந்தது. வாயைத் திறப்பதற்குள் எட்வின் முந்திக்கொண்டார். "என் தப்பு. நான் திருப்பி வரைந்துவிட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

புத்தகத்தின் மேல் தாளை வைத்து நகலெடுப்பவர் எப்படித் திருப்பி வரைய முடியும்? திருப்புவது பிரிண்ட் போடுகிறவனால் மட்டும்தான் முடியும். டிராயிங் ஆபீஸில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் இது தெரியும். அந்த ஜப்பானிய எஞ்சினியருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் எட்வினையே பார்த்துக்கொண்டு நின்று, பிறகு தோளில் தட்டிச் சிரித்தார். பிள்ளைகளில் ஒருவன், "கைக்கு சார், இத்தனை வருஷமா யாருமே சொல்லல? நாம எல்லாம் பொணமா?" என்றான். 'கைக்கு' என்றால் எங்கள் ஊர் உருதுவில் ஏன். "ஹவ், ஆமால. ஏற்கெனவே செத்தவனை எவன்ல கீழ போட முடியும்? அதான் ஜெயிச்சோம்" என்றார் எட்வின். கூடமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் அதோடு முடியவில்லை. உடற்பயிற்சித் துறையில் ஒரு கூட்டம் போட்டார்கள். தப்பான படத்தை வைத்துச் சொல்லிக்கொடுத்தவரிடம் மாணவர்களை விட முடியாது, சான்றிதழ் பெற்ற பயிற்சியாளரை நியமிக்கிறோம் என்றார்கள். நான் கிளப் செயலாளர். மினிட்ஸ் புத்தகம் என் மடியில் இருந்தது. 'படங்களைத் தவறாக வரைந்ததாகத் திரு. எட்வின் ஒப்புக்கொண்டார்' என்று என் கையாலேயே ஆங்கிலத்தில் எழுதினேன். எட்வின் எதிரே உட்கார்ந்து நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதம்தான் எனக்குப் பதவி உயர்வு இண்டர்வியூ. பிரிண்டைத் திருப்பிப் போட்டவன் என்று பெயர் எடுத்தால் என்ன ஆகும் என்று பயந்தேன். அதுதான் காரணம் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிவந்தேன். வெறும் கோழைத்தனம்தான் காரணம் என்றும் இப்போது தோன்றுகிறது.

அதற்குப் பிறகும் எட்வின் சனிக்கிழமை தவறாமல் கூடத்துக்கு வந்தார். சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவார். தான் உண்டாக்கிய கிளப்பில் பத்து வருடத்துக்கும் மேல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் தார்நாகாவில் இரானி டீ குடிக்கும்போது, "எட்வின், அந்தப் பிரிண்ட் விஷயம்" என்று ஆரம்பித்தேன். அவர் கப்பைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் தடுமாறி, "பிரிண்டெல்லாம் பழுப்பேறிப் போச்சு" என்று முடித்துவிட்டேன். மறு திங்கட்கிழமை பழைய டிரேசிங் சுருளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "இதை நீயே வச்சுக்க. இன்னொரு செட் எடுக்கணும்னா நீதான எடுக்கணும்" என்றார். அந்தச் சுருளைத் தொடவே எனக்குப் பயமாக இருந்தது. "வேணாம் எட்வின், உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றேன். சுருளை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். "சரில, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை நான் அல்வாலில் எட்வின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவர் மனைவி ரோஸ்லின் எனக்காகக் காத்திருந்தார். கட்டிலில் ஜூடோ சட்டை துவைத்து இஸ்திரி போட்டு வைத்திருந்தது. "கோட்டு வேண்டாம், இந்தச் சட்டை போதும்னு சொல்லிட்டுத்தான் போனாவ அண்ணே. எந்தப் பக்கம் மேல வரணும்னு கேட்டேன். தணிகிட்ட கேளு, அவனுக்குத் தெரியும்னாவ" என்றார். போதகருக்கு இதில் சம்மதம் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் தடுக்கவில்லை.

முதலில் இடப்பக்கம் மேலே வரும்படி மடித்தேன். அது உயிரோடு இருப்பவர்களுக்கு. அவிழ்த்தேன். வலப்பக்கத்தை மேலே கொண்டுவந்தேன். அது என் தப்பு. மறுபடி அவிழ்த்தேன். அவர் எதைக் கேட்டிருக்கிறார், என்னிடமிருந்து எதை எதிர்பார்த்து இதை விட்டுப் போயிருக்கிறார் என்று புரியவில்லை. மகள் ஷீபா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாம் தமிழில் பேசினால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பெண். "எனி ப்ராப்ளம், அங்கிள்?" என்றாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். கடைசியில் வலப்பக்கத்தை மேலே போட்டு இடுப்புக் கச்சையை இறுக்கிக் கட்டினேன். எங்கள் கிளப் வழக்கமும் அதுதான், ஜப்பான் வழக்கமும் அன்று அதுதான். வெளியே பாட்டு ஆரம்பித்துவிட்டது. "அதைத் திருப்பிப் போட்டது நான்தான் எட்வின்" என்று சொன்னேன். அவரிடம் சொல்ல நான் தேர்ந்தெடுத்த நேரம் அது.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து ரோஸ்லின் அந்தச் சுருளை என் கையில் கொடுத்தார். பெட்டியில் என் பெயர் எழுதி வைத்திருந்ததாம். வீட்டுக்கு வந்து பிரித்தேன். நாற்பது தாளிலும், வலது மூலையில், மையால் ஒரு கட்டம் போட்டிருந்தது. தாளின் பின்பக்கத்தில் போட்டிருந்தது. அதாவது, கட்டத்தைப் பார்த்து யார் பிரிண்ட் போட்டாலும் படம் என் தப்பின்படியேதான் விழும். ஆங்கிலத்தில் எழுத வேண்டிய கட்டத்தைத் தமிழில் எழுதியிருந்தார். எங்கள் டிராயிங் ஆபீஸில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

'வரைந்தது: எட்வின். பிரதி எடுத்தது: தணிகாசலம். திருத்தம்: இடம் வலமாக மாறிவிட்டது. இப்படியே இருக்கட்டும்.'

கீழே போட்டிருந்த தேதி, நான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்த மறுநாள். தையல்காரரிடம் போவதற்கு முன்பே, முதல் பிள்ளை முதல் தடவை விழுவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தான் வரைந்த படம் மாறியிருப்பது வரைந்தவருக்குத் தெரியாமல் இருக்குமா என்று நான்தான் யோசித்திருக்க வேண்டும்.

ஏன் இப்படியே இருக்கட்டும் என்று விட்டார்? திருட்டுத்தனமாக எடுத்த பிரிண்டை மறுபடி எடுக்கச் சொன்னால் நான் மாட்டிக்கொள்வேன் என்றா? என்னிடம் சொன்னால் நான் மனம் நோவேன் என்றா? அப்படியானால் கிளப்பையே பறிகொடுத்த அன்றும் ஏன் வாயைத் திறக்கவில்லை? நானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாரா? சுருளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாரே, அன்று ஒரு தாளைப் பிரித்துப் பார்த்திருந்தால் போதும். இந்தக் கேள்விகளை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் எனக்குப் புரியவில்லை. அவர் மேல் கோபம்கூட வருகிறது. அவர் இல்லாத சனிக்கிழமையை என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தச் சுருள்தான். கட்டத்தின் கடைசி வரியில் 'சரிபார்த்தது' என்று எழுதி, பக்கத்தில் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார், நாற்பது தாளிலும். சரிபார்த்தவர் கையெழுத்து இல்லாத வரைபடம் எங்கள் ஆபீஸில் செல்லாது. முதல் தாளை மேஜையில் விரித்து, சுருண்டுகொள்ளாமல் நாலு மூலையிலும் புத்தகம் வைத்திருக்கிறேன். ஒரு மனிதன் தானாக விழுகிற படம். இருபது வருடமாக என் பெயருக்காகக் காத்திருக்கிற அந்த இடத்தில், இதை நீங்கள் எல்லோரும் படித்து முடித்த பிறகு கையெழுத்துப் போடுகிறேன்.